ஜார் வீட்டு வாரிசுகள்: ஒரு பையனின் ரத்தம்தான் காரணமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 பிப்ரவரி 2024

ரஷ்யாவின் கடைசி ஜார் (பேரரசர்) இரண்டாம் நிக்கோலாஸின் ஒரே மகன் அலெக்சேய்க்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். அந்த நோய் மட்டும் இல்லையென்றால் சாமியார் ரஸ்புடின் அரண்மனைக்குள் நுழைந்திருக்க மாட்டான், ராணியின் பேர் கெட்டிருக்காது, 1917 புரட்சி நடந்தே இருக்காது. முந்நூறு வருடம் அப்பா, பிள்ளை, பேரன் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வம்சம் ஒரு பையனின் ரத்தத்தில் முடிந்துபோனது. யாராவது மறுக்க முடியுமா?

4 பிப்ரவரி, இரவு

நான் மறுக்கிறேன். புரட்சியை அப்புறம் பார்ப்போம். அந்த ‘அப்பா, பிள்ளை, பேரன் என்று ஒழுங்காக’ எங்கிருந்து வந்தது?

ரோமனோவ் வம்சம் 1613-ல் தொடங்கி 1917-ல் முடிகிறது. இந்த 304 வருடத்தில் தகப்பன் படுக்கையில் கிடந்து இயல்பாகச் சாக, மகன் பெரிய சச்சரவில்லாமல் அரியணை ஏறியது எத்தனை தடவை? நான் விரல் விட்டு எண்ணினேன். 1645, 1676, 1855, 1894. நான்கு. 1796-ஐ வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், அது தாயிடமிருந்து மகனுக்கு. அந்தத் தாய்க்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தையே சரியாகக் கிடையாது.

மீதியெல்லாம் அடிதடி. பெற்ற மகனைக் கொன்ற அப்பாக்கள் இரண்டு பேர். புருஷனை இறக்கிவிட்டு ஏறிய மனைவி ஒருத்தி. ஒரு வயதுக் குழந்தையை ராஜாவாக்கி, அப்புறம் அதைச் சிறையில் போட்ட கதை ஒன்று. ஹீமோபிலியா வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வீட்டில் வாரிசாகப் பிறப்பது ஆபத்தான தொழில்.

5 பிப்ரவரி

காலையில் எழுந்து படித்தால் நேற்று எழுதியதில் இரண்டு இடம் உறுத்துகிறது.

முதலாவது, மகனைக் கொன்ற இரண்டு பேரில் ஒருவர் ரோமனோவே இல்லை. பயங்கர இவான் என்கிறோமே, அந்த நான்காம் இவான் அதற்கு முந்தைய ரூரிக் வம்சம். 1581 நவம்பரில் அலெக்சாந்திரோவ் என்ற இடத்து அரண்மனையில் சண்டை முற்றி, மூத்த மகன் இவானைக் கைத்தடியால் தலையில் அடித்தார், சில நாளில் மகன் செத்தான் என்பது கதை. நம் எல்லோர் மனதிலும் இருப்பது ரஷ்ய ஓவியர் ரேப்பின் 1885-ல் முடித்த ஓவியம்: கம்பளத்தில் ரத்தம், மகனின் நெற்றியைப் பொத்திப் பிடித்த கிழவர், பிதுங்கும் கண்கள். நடந்து முந்நூறு வருடம் கழித்து வரைந்தது அது. 1963-ல் கிரெம்ளினில் கல்லறைகளைத் திறந்து பார்த்தபோது இளவரசரின் மண்டையோடு மக்கிப்போயிருந்தது. அடிபட்டதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. எலும்பில் பாதரசம் நிறைய இருந்தது, அவ்வளவுதான். ஓவியத்துக்கும் பாவம் நல்ல காலமில்லை. 1913-ல் ஒருவன் கத்தியால் கிழித்தான். 2018-ல் இன்னொருவன் இரும்புக் கம்பத்தால் அடித்தான்.

இரண்டாவது இடம், மகா பீட்டர் என்ற ரோமனோவ் ஜார். இங்கேயும் ‘கொன்றார்’ என்று நான் எழுதியது அவசரம். நடந்ததைச் சொல்கிறேன், சொல்லை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அலெக்சேய் (இது 1690-ல் பிறந்த அலெக்சேய், கடைசிப் பையன் அல்ல) முதல் மனைவியின் மகன். தாயை 1698-ல் சுஸ்தால் மடத்துக்கு அனுப்பிவிட்டார் பீட்டர். பையனுக்கு அப்போது எட்டு வயது. அப்பாவுக்குக் கப்பல், பீரங்கி, புது நகரம். மகனுக்குப் பாதிரிகள், புத்தகம், குடி. 1716-ல் அலெக்சேய் தப்பி வியன்னாவுக்கு ஓடினான். அங்கே பேரரசர் ஆறாம் சார்லஸ் அவனுக்குச் சகலை, அதாவது இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சகலை என்பதால் துரத்தவும் முடியவில்லை, பீட்டருக்குப் பயந்து வெளிப்படையாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. முதலில் டிரோல் மலையில் ஒரு கோட்டையில் ஒளித்து வைத்தார், பிறகு நேப்பிள்ஸில் இன்னொரு கோட்டையில். கூடவே அலெக்சேயின் காதலி, ஃபின்லாந்துக்காரி அஃப்ரோசீனியா, ஆண் வேடத்தில்.

பீட்டர் அனுப்பிய தல்ஸ்தோய் என்ற கிழவர் நேப்பிள்ஸ் போய்ப் பேசி மனதைக் கரைத்தார். அப்பா கைப்பட எழுதிய கடிதம் இருந்தது: வா, தண்டிக்க மாட்டேன். வந்தான். 1718 பிப்ரவரியில் வாரிசுரிமையை எழுதிக் கொடுத்தான். அப்புறம் யார் யார் உடந்தை என்று விசாரணை ஆரம்பித்தது. அஃப்ரோசீனியாவே சாட்சி சொன்னாள். ஜூன் 19-ல் 25 சாட்டையடி. 24-ல் 15. அதே 24-ஆம் தேதி 127 பேர் மரணதண்டனைத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்கள். 26-ல் கோட்டைச் சிறையிலேயே இறந்தான். தண்டனை நிறைவேற்றப்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் பக்கவாதம் கண்டு போய்விட்டான் என்பது அதிகாரபூர்வச் செய்தி. மறுநாள் ஸ்வீடனைத் தோற்கடித்த பொல்தாவா போரின் வெற்றி விழா, விருந்தோடு நடந்தது.

5 பிப்ரவரி, மாலை

அந்த 127 கையெழுத்தைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவர் போட்டால் அது கொலை. 127 பேர் போட்டால் நிர்வாகம்.

7 பிப்ரவரி

ஒருவர் கேட்டிருக்கிறார்: மகன் சரியில்லை என்றால் வேறு என்னதான் செய்வது, நாடு கெட்டுப்போகட்டும் என்று விடுவதா?

நியாயமான கேள்வி. பீட்டரும் இதையேதான் கேட்டார். 1722-ல் ஒரு சட்டம் போட்டார்: ஆள்பவர் யாரை வேண்டுமானாலும் வாரிசாக நியமிக்கலாம், மூத்த மகன் என்ற உரிமையெல்லாம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திறமைக்கு மரியாதை.

எங்கள் தாத்தாவும் இப்படித்தான். ‘யார் என்னைப் பார்த்துக்கொள்கிறானோ அவனுக்குத்தான் வீடு’ என்பார். மூன்று பிள்ளைகளும் பதினைந்து வருடம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். உயில் எழுதச் சொன்னால் ‘நான் என்ன நாளைக்கேவா சாகப்போகிறேன்’ என்பார். எழுதாமலே போனார். அந்த வீட்டுத் திண்ணையில் இப்போது மூன்று மின்சார மீட்டர்.

பீட்டரும் எழுதாமலே போனார். தானே சட்டம் போட்டு, தானே அதைப் பயன்படுத்தாமல், 1725-ல் சிறுநீர் அடைத்து வலியில் செத்தார். மகன் செத்துக் கிடந்தபோது அவருக்கு இன்னொரு மகன் இருந்தான், இரண்டாம் மனைவிக்குப் பிறந்த சின்ன பீட்டர். அந்தக் குழந்தைக்காகத்தான் பெரியவனை ஒதுக்கியதே. அதுவும் 1719-ல் மூன்றரை வயதில் போய்விட்டது. ஆக, மெய்க்காவல் படை யார் பக்கமோ அவர்களுக்கு அரியணை என்றானது. 1725-ல் மனைவி. 1727-ல் அந்த அலெக்சேயின் மகன் இரண்டாம் பீட்டர். அவன் 1730-ல் பதினான்கு வயதில், கல்யாணம் என்று குறித்த நாளிலேயே, அம்மையில் செத்தான். அதோடு ரோமனோவ் ஆண் வழி அற்றுப்போனது. அதற்கப்புறம் வந்த ஆண்கள் பெண் வழியில் ஜெர்மன் வீடுகளிலிருந்து வந்து ரோமனோவ் என்று பேர் வைத்துக்கொண்டவர்கள். முந்நூறு வருட வம்சம் என்கிறோம், உண்மையில் 117 வருடத்தில் முடிந்த கதை.

(அந்தக் கடைசி வரி கொஞ்சம் கறார்தான். பெண் வழியையும் வம்சம் என்று ஒத்துக்கொண்டால் கணக்கு மாறும். நான் ஒத்துக்கொள்பவன்தான். வாதத்துக்காக எழுதினேன்.)

8 பிப்ரவரி

அந்தச் சிறைக் குழந்தை யார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் என் தவறைத் திருத்துகிறேன். ‘ஒரு வயதுக் குழந்தை’ என்று எழுதினேன். ஒரு வயது அல்ல. இரண்டு மாதம்.

ஆறாம் இவான். 1740 ஆகஸ்டில் பிறந்தான், அக்டோபரில் பேரரசன். 1741 நவம்பர் இரவில் மகா பீட்டரின் மகள் எலிசபெத் படையோடு வந்து அரண்மனையைப் பிடித்தாள். குழந்தையையும் பெற்றோரையும் நாட்டை விட்டு அனுப்புவதாகத்தான் முதலில் பேச்சு. போகும் வழியிலேயே மனம் மாறிவிட்டது. வெளியே விட்டால் எவனாவது அவனைத் தூக்கிக்கொண்டு படையோடு வருவானே? கடைசியில் வடக்கே, வெள்ளைக் கடலுக்குப் பக்கத்தில் ஹொல்மகோரி என்ற ஊர். நான்கு வயதில் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியாக அடைத்தார்கள். அவர்கள் இருந்ததும் அதே ஊர்தான். ஆனால் இவன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது.

அவன் முகம் போட்ட நாணயங்களைத் திரும்ப வாங்கி உருக்கினார்கள். பேர் வரும் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பேரையே மாற்றி ‘கிரிகோரி’ என்றார்கள். 1756-ல் ஷ்லிசெல்பர்க் கோட்டைக்கு மாற்றினார்கள். அங்கே அவன் ‘பேரில்லாத கைதி’. வெளிச்சமில்லாத அறை. காவலர்களுக்கு ஒரு ரகசியக் கட்டளை: யாராவது இவனை மீட்க வந்தால், உயிரோடு கொடுக்காதே. 1764 ஜூலையில் மிரோவிச் என்ற இளம் அதிகாரி உண்மையிலேயே மீட்க வந்தான். அறைக்குள் போனபோது தரையில் பிணம். இருபத்து மூன்று வயது. அப்போது ஆட்சியில் இருந்தது இரண்டாம் கேத்தரின், புருஷனை இறக்கிவிட்டு ஏறிய மனைவி என்று முதலில் சொன்னேனே, அவள்தான்.

பதவிக்கு வரும்போது யாருக்கும் மரணதண்டனை கொடுக்க மாட்டேன் என்று சபதம் செய்தவள் எலிசபெத். அதைக் கடைசி வரை காப்பாற்றினாள். அந்தக் குழந்தையைக் கொல்லவும் இல்லை. இருபது வருடம் இருட்டில் வைத்திருந்தாள், அவ்வளவே. இதைக் கருணைக் கணக்கில் எழுதுவதா, எதில் எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு இதைவிட மனதில் நிற்பது அவனுடைய தம்பி தங்கைகள் நான்கு பேர். தாய் 1746-ல் பிரசவத்தில் போனாள். தகப்பன் 1774-ல் அங்கேயே போனார். பிள்ளைகளுக்கு வேலியைத் தாண்டிய உலகமே தெரியாது. 1780-ல் கேத்தரின் மனமிரங்கி டென்மார்க்கில் ஹோர்சென்ஸ் என்ற ஊருக்கு அனுப்பினாள், அங்கே அத்தை ராஜமாதா. வயது முப்பதைத் தாண்டியவர்களுக்குத் திடீரென்று வீடு, வேலைக்காரர்கள், புரியாத பாஷை. ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் காது கேளாத மூத்தவள் மட்டும் மிஞ்சினாள். ஹொல்மகோரிதான் தனக்குச் சொர்க்கம், இது நரகம் என்று ரஷ்யாவுக்கு எழுதினாள். திரும்பிப் போகவில்லை. 1807-ல் டென்மார்க்கிலேயே இறந்தாள்.

10 பிப்ரவரி

இழை எங்கேயோ போகிறது என்று ஒருவர் கடிந்துகொள்கிறார். சரி, இன்னும் கொஞ்சம் போகட்டும், ஏனென்றால் எனக்கு உக்லிச் மணியைச் சொல்லாமல் தூக்கம் வராது.

பயங்கர இவானுக்குக் கடைசிப் பையன் திமீத்ரி. 1591 மே 15-ல் உக்லிச் ஊரில் எட்டு வயதில் கழுத்தில் கத்திக் காயத்தோடு செத்துக் கிடந்தான். கத்தி எறிந்து விளையாடும்போது வலிப்பு வந்து தானே குத்திக்கொண்டான் என்றது விசாரணை. கொலை என்றது ஊர். கோயில் மணியை அடித்துக் கூட்டம் கூடிச் சந்தேகப்பட்டவர்களை அடித்தே கொன்றார்கள். மாஸ்கோ பதிலுக்கு ஊர்க்காரர்களைக் கொன்றது, நாடு கடத்தியது. மணிக்கும் தண்டனை. சாட்டையடி கொடுத்து, நாக்கை அறுத்து, தொங்கவிடும் காதில் ஒன்றை வெட்டி, சைபீரியாவுக்கு, தபோல்ஸ்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். முந்நூறு வருடம் கழித்து 1892-ல் தண்டனை முடிந்து மணி ஊர் திரும்பியது. இன்றைக்கும் உக்லிச்சில் போய்ப் பார்க்கலாம்.

விசாரணைக்குப் போன ஷூய்ஸ்கி இருக்கிறாரே, அவர் அசல் அரசியல்வாதி. 1591-ல் ‘விபத்து’ என்றார். 1605-ல் நான்தான் திமீத்ரி என்று ஒருவன் போலந்து ஆதரவோடு வந்தபோது ‘பையன் சாகவே இல்லை’ என்றார். 1606-ல் அவனைக் கொன்றுவிட்டுத் தானே ஜார் ஆனதும் ‘கொலை செய்யப்பட்டான்’ என்றார். ஒரே சவத்துக்கு மூன்று அறிக்கை. பெற்ற தாயும் வந்தவனைக் கட்டிப்பிடித்து ‘என் மகன்தான்’ என்றாள், அவன் செத்ததும் ‘இல்லை’ என்றாள். போலி திமீத்ரியை எரித்த சாம்பலைப் பீரங்கியில் போட்டு, வந்த திசையை நோக்கிச் சுட்டார்கள் என்பார்கள். அதற்குப் பிறகும் இன்னும் இரண்டு திமீத்ரிகள் வந்தார்கள்.

11 பிப்ரவரி

மரண காரணங்களைத் தனியாகத் தொகுத்தால் நல்ல நகைச்சுவை. 1718 அலெக்சேய்: பக்கவாதம். 1801 கேத்தரினின் மகன் பவுல்: பக்கவாதம். 1762 மூன்றாம் பீட்டர், கேத்தரினின் புருஷன், ரோப்ஷா மாளிகையில் காவலில் இருந்தவர்: மூலநோய்! அதே வருடம் பிரெஞ்சு அறிஞர் தலம்பேரை மகன் பவுலுக்கு வாத்தியாராக வரச் சொல்லிக் கேத்தரின் அழைத்தாள். எனக்கும் மூலம் உண்டு, அந்த நாட்டில் அது ரொம்ப ஆபத்தான நோய், என்று வால்தேருக்கு எழுதிவிட்டு அவர் போகவே இல்லை.

13 பிப்ரவரி

பவுலைச் சும்மா ஒரு வரியில் தாண்ட முடியாது. மற்றவர்கள் எல்லோரும் பட்டார்கள். பட்டதிலிருந்து ஒரு சட்டம் செய்தவர் இவர் ஒருவர்தான்.

1754-ல் பிறந்த அன்றைக்கே எலிசபெத் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெற்ற கேத்தரின் அறையில் தாகத்துக்குத் தண்ணீர் தர ஆளில்லாமல் கிடந்தாள். ஏழு வயதில் அப்பா போனார். யாரால் என்ற சந்தேகம் பையனை விடவே இல்லை. 34 வருடம் அரியணைக்காகக் காத்திருந்தார். காச்சினா மாளிகையில் பொம்மைப் படை மாதிரி ஒன்றை வைத்து அணிவகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 1796-ல் அம்மா செத்ததும் முதல் வேலையாக அப்பாவின் பெட்டியைத் தோண்டி எடுத்து, அதற்கு முடிசூட்டி, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார். ஊர்வலத்தில் கிரீடத்தைத் தூக்கி வரச் செய்தது யாரை? ரோப்ஷாவில் காவலுக்கு இருந்த அலெக்சேய் ஓர்லோவை. அந்த நாள் ஓர்லோவின் நடை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1797 ஏப்ரல் 5, முடிசூட்டு நாள். தானே எழுதிய வாரிசுரிமைச் சட்டத்தைத் தானே வாசித்து, வெள்ளிப் பேழையில் போட்டுக் கோயில் பீடத்தில் வைத்தார். மூத்த மகன், அவன் மகன், அப்புறம் அடுத்த மகன். ஆண் வழி எல்லாமே அற்றுப்போனால்தான் பெண். ராஜாவின் இஷ்டம், படையின் இஷ்டம் எதற்கும் இடமில்லை. அம்மா மாதிரி இன்னொருத்தி வரக் கூடாது என்பதும் இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. பயந்து பயந்து அகழியோடு கட்டிய புதுக் கோட்டைக்குக் குடிபோன நாற்பதாம் நாள், 1801 மார்ச்சில், படுக்கையறையிலேயே அதிகாரிகள் கொன்றார்கள். மகன் அலெக்சாந்தருக்கு அப்பாவை இறக்கப்போவது தெரியும். கொல்லப்போவது தெரியாது என்று சொல்லிக்கொண்டார்.

14 பிப்ரவரி

சட்டம் வந்தும் 1825 குழப்பம் ஏன் என்று கேட்டவருக்கு: அலெக்சாந்தருக்கு மகன் இல்லை. அடுத்த தம்பி கான்ஸ்டன்டைன் எனக்கு வேண்டாம் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். அதை ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டு அலெக்சாந்தர் தகன்ரோக் என்ற ஊரில் செத்தார். ஆகவே சின்னத் தம்பி நிக்கோலாஸ் கான்ஸ்டன்டைனுக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்கிறார், வார்சாவில் இருக்கும் கான்ஸ்டன்டைனோ நிக்கோலாஸைக் காட்டுகிறார். மூன்று வாரம் ரஷ்யாவுக்கு ராஜா யார் என்று ராஜாக்களுக்கே தெரியவில்லை. அந்த இடைவெளியில் டிசம்பர் 14 கலகம். ‘கான்ஸ்டன்டைனும் கான்ஸ்டிட்யூஷனும் வாழ்க’ என்று கத்திய சிப்பாய்களில் சிலர் அரசியல் சட்டத்தை அவர் பெண்டாட்டியின் பேர் என்று நினைத்தார்கள் என்ற ஜோக் அன்றையிலிருந்து ஓடுகிறது. ஜோக்தான், நம்ப வேண்டாம்.

18 பிப்ரவரி

நோய்க்கு வருகிறேன். நான் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டது இதைத்தான்.

எங்கள் தெருவில் எண்பதுகளில் ஒரு பையனுக்கு இந்த நோய். எனக்கு இரண்டு வயது இளையவன். அவன் அம்மா அரைக்கால் சட்டையைத் தைக்கக் கொடுக்காமல் முழுக்கால் சட்டை தைத்து, முழங்கால் இடத்தில் பழைய வேட்டியை எட்டாக மடித்து உள்ளே வைத்துத் தைப்பார். திண்ணை ஓரத்தில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கபடியில் அவன் எப்போதும் நடுவர். ரொம்ப நேர்மையான நடுவர் என்றும் சொல்ல முடியாது. முட்டி வீங்கினால் மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கட்டி வாங்கி வர என்னைத்தான் அனுப்புவார்கள். ஓடி வருவதற்குள் துண்டு நனைந்து பாதி கரைந்திருக்கும். அவன் அம்மாவுடைய தம்பி பல் பிடுங்கப் போய் ரத்தம் நிற்காமல் செத்தவர். அந்த அம்மா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எங்கள் பாட்டிதான் சொன்னாள்.

வாரம் ஒருமுறை ஒரு சாமியார் வருவார். விபூதி போட்டு, தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுப்பார். பையன் வலி மறந்து தூங்கிவிடுவான். தெருவே அந்த ஆளைத் திட்டியது, காசு பிடுங்குகிறான் என்று. அந்த அம்மா திட்டவில்லை. தூங்குகிறானே!

ஆகவே கடைசி அலெக்சேயின் தாய் ராணி அலெக்சாந்திராவை என்னால் முழுசாகத் திட்ட முடிவதில்லை. அவளுடைய அண்ணன் தம்பிகளில் ஒருவன் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து ரத்தம் நிற்காமல் செத்தவன். விக்டோரியா ராணியின் மகன், அவளுக்கு மாமன், அதே நோயில் போனவர். நான்கு பெண் பெற்று, ஐந்தாவதாக 1904-ல் ஆண். சில வாரத்திலேயே தொப்புளில் ரத்தம். பையன் விழாமல் பிடிக்க இரண்டு மாலுமிகளைக் கூடவே வைத்திருந்தார்கள். 1912-ல் போலந்தில் ஸ்பாலா வேட்டை மாளிகையில் உள்ளே ரத்தம் கட்டிப் பத்து நாள் கதறினான். கடைசிச் சடங்கே செய்தாகிவிட்டது. ரஸ்புடினிடமிருந்து தந்தி: பையன் சாக மாட்டான், டாக்டர்கள் அவனை ரொம்பத் தொந்தரவு செய்ய வேண்டாம். மறுநாளிலிருந்து தேறினான். அதற்கப்புறம் அந்தத் தாயிடம் யார் என்ன பேசி எடுபடும்?

ஆனால் பாருங்கள், முதலில் கேட்டவரே, ஏன் அந்த ஒரு பையன் மேல் அவ்வளவு பாரம்? மூத்தவள் ஓல்கா 1895-ல் பிறந்தவள், திடமான பெண். பவுலின் வெள்ளிப் பேழைக்குள் அவளுக்கு இடமில்லை. அம்மா மேல் இருந்த கோபத்தில் மகன் போட்ட பூட்டு, நூறு வருடம் கழித்து இன்னொரு அம்மாவின் மேல் விழுந்தது. முதலில் நான் சட்டம் இல்லாததுதான் கேடு என்ற தோரணையில் எழுதிக்கொண்டு வந்தேன். இப்போது சட்டத்தைத் திட்டுகிறேன். மாற்றித்தான் பேசுகிறேன், தெரிகிறது.

19 பிப்ரவரி

நிக்கோலாஸ் நம் ஊருக்கு வந்தாரா என்று கேட்டவருக்கு: வந்தார். இளவரசராக 1890 கடைசியில் பம்பாயில் இறங்கி, வடக்கெல்லாம் சுற்றி, சென்னை வழியாக 1891 தொடக்கத்தில் இலங்கை போனார். கூட வந்த தம்பி கியோர்கிக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல். பம்பாயிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசநோய். நிக்கோலாஸுக்கு ஆண் குழந்தை பிறக்காதவரை அந்தக் கியோர்கிதான் வாரிசு. 1899-ல் காகஸஸ் மலையில் தனியாக வண்டி ஓட்டிப் போனவர் சாலையோரத்தில் ரத்தம் கக்கி, யாரோ ஒரு கிராமத்துப் பெண்ணின் கையில் உயிரை விட்டார்.

அடுத்த தம்பி மிகாயில். ஸ்பாலா செய்தி கேட்டதும் இவர் செய்தது வேடிக்கை. பையன் செத்தால் நான் வாரிசு, அப்புறம் இந்தப் பெண்ணைக் கட்ட விட மாட்டார்கள் என்று, ஏற்கெனவே இரண்டு கல்யாணம் ஆகியிருந்த நதாலியாவை 1912-ல் வியன்னாவில் ஒரு செர்பியக் கோயிலில் ரகசியமாகக் கட்டிக்கொண்டார். அரியணை பக்கத்தில் வருகிறது என்று தெரிந்ததும் ஓடினார். எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த ஆள்.

24 பிப்ரவரி

1917 மார்ச் 2, பழைய நாள்காட்டிப்படி. ப்ஸ்கோவ் ஸ்டேஷனில் நின்ற ரயில். பகலில் நிக்கோலாஸ் மகனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். பையனுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி மிகாயில் பொறுப்பாட்சி பார்ப்பதாக ஏற்பாடு. அப்புறம் டாக்டர் ஃபியோதரவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல் என்று கேட்டார். இது தீருகிற நோய் இல்லை என்றார் டாக்டர். பதவியை விட்ட அப்பா அம்மாவோடு பையனைச் சேர்ந்து இருக்கவும் விட மாட்டார்கள் என்பது பேச்சில் வந்தது. இரவு பெத்ரோகிராதிலிருந்து டூமா என்ற நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் வந்தபோது முடிவை மாற்றி, மகன் பேரையும் அடித்து, தம்பிக்கு என்று எழுதிக் கொடுத்தார். மகனின் உரிமையையும் சேர்த்து அப்பா துறக்கப் பவுலின் சட்டத்தில் வழியே இல்லை. 120 வருடம் கட்டிக்காத்த சட்டத்தைக் கடைசி ஆள் கடைசி நாளில் மீறினார், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக. மறுநாள் மிகாயில், அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கொண்டால் ஒழிய மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். கதை முடிந்தது.

ஆகவே முதலில் கேட்டவருக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். புரட்சியைக் கொண்டுவந்தது நோய் இல்லை. போர், ரொட்டி வரிசை, படை மாறியது, இவையெல்லாம் அந்தப் பையன் குதிரையேறி விளையாடியிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் ஜார் போய் இன்னொரு ஜார் வருவதற்கு இருந்த ஒரே வாசல் அன்று இரவு மூடியது. அது அந்த ரத்தத்தால்தான்.

அடுத்த பதினாறு மாதத்தில் சில வாரம் தவிர அப்பாவும் மகனும் சேர்ந்துதான் இருந்தார்கள். 1918 ஜூலை 17 விடியுமுன் யெக்கதெரின்பர்க்கில் இப்பாத்தியேவ் என்பவரின் வீட்டு நிலவறையில் குடும்பமும் கூட இருந்தவர்களுமாகப் பதினொரு பேர். மிகாயிலை ஜூனிலேயே பெர்ம் ஊரில் சுட்டுவிட்டார்கள். 1613-ல் முதல் ரோமனோவை அரியணைக்கு அழைத்த இடத்தின் பேரும் இப்பாத்தியேவ் மடம்.

2 மார்ச்

இப்போது யார் வாரிசு என்ற கேள்விக்குச் சுருக்கமாக. கிரீல் என்ற ஒன்றுவிட்ட தம்பி 1924-ல் தானே பேரரசர் என்று வெளிநாட்டில் அறிவித்தார். அவர் பேத்தி மரியா, 1953-ல் மத்ரித்தில் பிறந்தவர், இன்று உரிமை கோருகிறார். அவர் மகன் கியோர்கிக்கு 2021-ல் பீட்டர்ஸ்பர்க் ஈசாக் பேராலயத்தில் கல்யாணம். 2022-ல் ஒரு பையனும் பிறந்தான். குடும்பத்தின் மற்ற கிளைகள் மரியாவை ஏற்பதில்லை: அவர் தாய் சம அந்தஸ்து ராஜவீடா இல்லையா என்று வழக்கு. வேறொரு கட்சி ஜெர்மன் இளவரசர் ஒருவருக்கு ‘மூன்றாம் நிக்கோலாஸ்’ என்று பேர் சூட்டியது. அரியணையே இல்லாத வீட்டில் பாகப்பிரிவினை! நிக்கோலாஸின் தங்கை ஓல்கா இந்த வம்புக்கே வராமல் கனடாவில் மாடு வளர்த்தார், படம் வரைந்தார், 1960-ல் டொரன்டோவில் ஓர் அழகு நிலையத்துக்கு மேல்மாடி வீட்டில் இறந்தார்.

10 மார்ச்

இழையைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன் போன் செய்தான். இப்போது ஐம்பதைத் தாண்டியவன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள்கிறான், கைத்தடியோடு நடக்கிறான். கபடி நடுவரைப் பற்றி எழுதியதற்குத் திட்டினான்.

எலும்புகளைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். 1991-ல் தோண்டி எடுத்த ஒன்பது பேரை 1998-ல் பீட்டர்ஸ்பர்க் கோட்டைக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். சாட்டையடி பட்ட அந்தப் பழைய அலெக்சேய் மணிக்கூண்டுப் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் அதே கோயில். பையனும் ஓர் அக்காவும் மட்டும் 2007-ல்தான் கிடைத்தார்கள், எரிந்த துண்டுகளாக. நிக்கோலாஸ் சென்னை வந்துபோன சில மாதத்தில் ஜப்பானில் ஓட்சு என்ற ஊரில் ஒரு போலீஸ்காரன் வாளால் வெட்டினான். அந்த ரத்தக் கறைச் சட்டை ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதோடும் ஒப்பிட்டுத்தான் அப்பா யார் என்று உறுதி செய்தார்கள். நோய் எந்த வகை என்பதையும் 2009-ல் அந்த எலும்பிலிருந்தே கண்டுபிடித்தார்கள். பையனுக்கும் அந்த அக்காவுக்கும் அடக்கம் இன்னும் ஆகவில்லை. தேவாலயம் இதுவரை ஒப்பவில்லை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

‘எந்த ஃபேக்டராம் அவனுக்கு?’

‘ஒன்பது.’

‘எனக்கு எட்டு’ என்றான்.